‘போதாது’ என்னும் சொல்

மனிதன் தன் கையிலுள்ள பொருளைப் பார்த்து எளிதில் சொல்லிவிடுகிற சொல் ஒன்று உண்டு. ‘போதாது’ என்பதே அச்சொல். வீடு போதாது, வருமானம் போதாது, வாகனம் போதாது என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். சில வேளைகளில் அது முழு உண்மை. வேறு சில வேளைகளிலோ, இருப்பதை நாம் இன்னும் சரிவர அறிந்துகொள்ளவில்லை என்பதன் மறுபெயர். இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடைகாண நாம் எடுத்துக்கொள்ளும் சான்று சற்று விந்தையானது. நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய கணிப்பொறிகளைப் போற்றிப் பாதுகாத்து, அவற்றைக் கொண்டே இன்றும் புதியன படைத்துவரும் மேலைநாட்டு ஆர்வலர்களே அச்சான்று.

1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘கொமடோர் 64’ என்னும் வீட்டுக் கணிப்பொறி 595 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. பெயரில் உள்ள எண் அதன் நினைவகத்தின் அளவைக் குறிப்பது. அதாவது 64 கிலோபைட்டு. இன்று எளிய கைபேசி ஒன்றில் இருக்கும் 4 கிகாபைட்டு நினைவகம் அதைப்போல் 65,536 மடங்கு. கொமடோரை இயக்கிய உடனே, பயன்படுத்துவோருக்கென எஞ்சியிருப்பது 38,911 பைட்டு என்ற கணக்கு திரையில் தோன்றும். இல்லத்தரசி அரிசிப் பானையைத் திறந்து காட்டி, ‘இருப்பது இவ்வளவுதான், இதற்குள் சமைக்க வேண்டும்’ என்று சொல்வது போன்ற நேர்மை அதில் இருந்தது. 1994 வரை உற்பத்தியில் இருந்த அக்கருவி ஒரு கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. பின்னர் அதனினும் வலிய கருவிகள் வந்தன. உலகம் அவற்றின் பின்னே சென்றது. ஆயினும் சிலர் அதைக் கைவிடவில்லை.

கைவிடாமல் அவர்கள் செய்தது என்ன? கொமடோரின் படச்சில்லு, திரையில் தனித்தனியே நகரும் எட்டு உருவங்களை மட்டும் தாங்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. எட்டுக்கு மேல் வேண்டுவோர் என் செய்வர்? அக்காலத் தொலைக்காட்சித் திரையில் படம் ஒரே கணத்தில் தோன்றுவதன்று. மின்னணுக் கற்றை ஒன்று மேலிருந்து கீழாக வரிவரியாக வரைந்து செல்லும். இதை உணர்ந்த நிரல் எழுதுவோர், மேற்பகுதியில் எட்டு உருவங்களும் வரையப்பட்டு முடிந்த மறுகணமே, அவற்றையே கீழ்ப்பகுதியில் வேறு இடத்தில் நிறுத்தினர். பார்ப்பவர் கண்ணுக்குப் பதினாறும் இருபத்து நான்கும் தெரிந்தன. கருவியில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. அதைப் பற்றிய அறிவுதான் வளர்ந்தது.

ஒலிச்சில்லின் கதை இதனினும் சுவையானது. ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும்போதெல்லாம் ‘டிக்’ என்றொரு வேண்டாத ஓசை எழும் குறை அதில் இருந்தது. அந்தக் குறையையே விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை எழுப்பி, மனிதக் குரலையும் முரசொலியையும் அதிலிருந்து கேட்கச் செய்தனர். பின்னாளில் நிறுவனம் சில்லைத் திருத்தி வெளியிட்டபோது குறை நீங்கிற்று. அத்துடன் அந்தக் குரலும் காதில் விழாத அளவுக்குத் தேய்ந்துபோயிற்று.

சிற்றிடத்தில் பேருலகை அடக்கியோரும் உளர். 1984இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் மாணவர்களான இயன் பெல், டேவிட் பிரேபன் இருவரும் ‘எலீட்’ என்னும் விளையாட்டை 32 கிலோபைட்டு கொண்ட பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிக்காக எழுதினர். எட்டு விண்மீன் மண்டலங்கள். ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். அவற்றின் பெயர்களையும் இயல்புகளையும் எழுதிவைக்க அக்கருவியில் இடம் ஏது? அவர்கள் எழுதிவைக்கவில்லை. சில எண்களையும், அவற்றிலிருந்து உலகங்களைப் பிறப்பிக்கும் விதியையும் மட்டும் வைத்தனர். விதைக்குள் மரம் இருப்பதுபோல் அந்த எண்களுக்குள் ஈராயிரத்துக்கு மேற்பட்ட உலகங்கள் இருந்தன.

அதே நாட்டில் 1981இல் வந்த ‘சின்க்ளேர் இசட்.எக்ஸ். 81’ கருவிக்கு நினைவகம் ஒரே ஒரு கிலோபைட்டு. டேவிட் ஹார்ன் என்பவர் அதில் சதுரங்கம் ஆடும் நிரலை 672 பைட்டுகளில் எழுதினார். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பத்தியைக் கணிப்பொறியில் பதிந்தால், இதுவே அந்தச் சதுரங்க நிரலைவிட மிகுந்த இடத்தைப் பிடிக்கும். ஆனால் கோட்டை கட்டுதல் போன்ற சில ஆட்ட விதிகளை அவர் விட்டுவிட நேர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். போதுமாக்கிக்கொள்வதிலும் ஓர் இழப்பு உண்டு.

‘இஃதெல்லாம் கடந்துபோன இளமையை எண்ணிப் பெருமூச்சு விடுவோரின் பொழுதுபோக்கு’ என்று சிலர் கூறுவர். அதில் ஓரளவு உண்மை உண்டு. பதினைந்து வயதில் தொட்ட கருவியை ஐம்பத்தைந்து வயதில் மீண்டும் தொடுகிறவன், தேடுவது கருவியையா, அந்தப் பதினைந்து வயதையா என்று அவனாலேயே சொல்ல இயலாது. இளமையை எந்தக் கருவியும் திருப்பித் தராது. அந்த ஏக்கத்தால் பிறர்க்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

ஆனால் செய்தி அத்துடன் முடிந்துவிடவில்லை. 1981இல் வந்த முதல் ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியின் வண்ணப் பலகை 16 வண்ணங்களுக்கென அமைக்கப்பட்டது. 2015இல் ஜெர்மனியின் சார்புரூக்கென் நகரில் நடைபெற்ற ‘ரிவிஷன்’ விழாவில், ஆர்வலர் குழுவொன்று அதே பலகையில் 1,024 வண்ணங்களைக் காட்டிற்று. முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்தத் திறன் அக்கருவிக்குள்ளேயே உறங்கிக்கொண்டிருந்தது! இது பழையதை நினைத்து ஏங்குவதன்று, பழையதில் புதியதைக் கண்டுபிடிப்பது. இத்தகைய படைப்புக்கலையை 2020இல் பின்லாந்தும் 2021இல் ஜெர்மனியும் தம் வாழும் மரபுகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டன.

இனி வலுவான மறுப்புக்கு வருவோம். இந்த ஆர்வலர்கள் விரும்பிக் குறுகிய இடத்தைத் தேர்ந்துகொண்டவர்கள். அவர்கள் மேசையின் மறுபுறத்தில் புதிய கணிப்பொறியும் இருக்கிறது. நோன்பு நோற்பவனின் பசியும் உணவில்லாதவனின் பசியும் ஒன்றாகுமா? ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பள்ளிப் பாடம் படித்த இல்லங்களை 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் நாம் கண்டோம். அந்தத் தாயிடம் சென்று, 672 பைட்டில் சதுரங்கம் எழுதியவரின் கதையைச் சொல்லி, ‘இருப்பதே போதும் அம்மா’ என்று அறிவுரை கூறுவது அறமாகாது. அவர் ‘போதாது’ என்றால் அது போதாதுதான்.

அப்படியானால் சிக்கனம் யாருடைய கடமை? இங்கேதான் பழைய கணிப்பொறிகள் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கின்றன. கொமடோருக்கு நிரல் எழுதியவன், இடம் போதவில்லையென்றால் வாங்குபவரைப் பார்த்து ‘பெரிய கருவி வாங்குங்கள்’ என்று சொல்ல இயலாது. எழுதியதைச் சுருக்கிச் சுருக்கி, தேவையற்றதைக் களைந்து, 64 கிலோபைட்டுக்குள் அடக்குவது அவன் பொறுப்பு. பாரத்தைச் செய்பவன் சுமந்தான்; வாங்குபவன் சுமக்கவில்லை. நினைவகம் மலிந்தபின் இம்முறை தலைகீழாயிற்று. கருவிகள் விரைவு பெறுவதைக் காட்டிலும் மென்பொருள் மந்தமாகும் வேகமே மிகுதி என்ற கருத்தை, ‘பாஸ்கல்’ நிரல்மொழியை ஆக்கிய சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்கலஸ் விர்த் 1995இலேயே எடுத்துரைத்தார். எழுதுபவன் மிச்சப்படுத்திக்கொண்ட உழைப்பு எங்கே போயிற்று? புதிய கருவியின் விலையாக வாங்குபவன் தலையில் ஏறிற்று. செல்வர்க்கு அது பொருட்டன்று. எளியவர்க்கு அது மாதச் சம்பளம்.

சிக்கனமாக எழுதுவது வீண் பிடிவாதம் என்போர் வாயேஜர் விண்கலத்தை நினைத்துப் பார்க்கட்டும். 1977இல் அமெரிக்கா ஏவிய ‘வாயேஜர் 1’ கலத்தின் கணிப்பொறிகளுடைய நினைவகம் முழுவதையும் சேர்த்தாலும், இன்றைய கைபேசி எடுக்கும் ஒரு நிழற்படத்துக்குக்கூட இடம் காணாது. 2023 நவம்பரில் அக்கலம் பொருளற்ற செய்திகளை அனுப்பத் தொடங்கிற்று. நினைவகச் சில்லு ஒன்று பழுதுபட்டு, அதிலிருந்த நிரற்பகுதி அழிந்ததே காரணம். 2,400 கோடி கிலோமீட்டர் தொலைவிலுள்ள கலத்துக்கு யார் சென்று சில்லை மாற்றுவது? அந்த நிரற்பகுதி முழுவதையும் வைக்கப் போதுமான ஓரிடம் எஞ்சிய நினைவகத்தில் இல்லை. பொறியாளர்கள் பல்லாண்டுப் பழைமையான ஆவணங்களைப் புரட்டி, அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, கிடைத்த இடுக்குகளில் வைத்து, துண்டுகள் ஒன்றோடொன்று இசைந்து இயங்குமாறு திருத்தினர். செய்தி சென்றுசேர இருபத்திரண்டரை மணி நேரம். விடை வந்துசேரவும் அவ்வளவே. 2024 ஏப்ரல் 20ஆம் நாள் தெளிவான விடை வந்தது. ‘போதாது’ என்று அங்கே சொல்லியிருந்தால், நாற்பத்தாறு ஆண்டுப் பயணம் அன்றோடு ஊமையாகியிருக்கும்.

நமது பூமியிலோ அச்சொல் மிக எளிதாகச் சொல்லப்படுகிறது. 2022ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடு என்றும் ஐக்கிய நாடுகள் சார்பில் வெளியான அறிக்கை கூறுகிறது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு ‘விண்டோஸ் 10’ இயக்க மென்பொருளுக்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அடுத்ததான ‘விண்டோஸ் 11’ கோரும் பாதுகாப்புச் சில்லோ செயலியோ இல்லாமையால், நன்றாக உழைத்துக்கொண்டிருந்த கணிப்பொறிகள் பல அதற்குத் தகுதியற்றவை ஆயின. அவை பழுதுபடவில்லை, தேயவில்லை. ‘போதாது’ என்று தீர்ப்பளிக்கப்பட்டன.

பழையது எதையும் விடவே கூடாது என்பது நம் கருத்தன்று. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன கருவியில் வங்கிக் கணக்கைப் பார்ப்பது, தாழ்ப்பாள் உடைந்த கதவுக்குப் பின்னே பணப்பெட்டியை வைப்பதற்கு ஒப்பாகும். ஆயினும் அத்தகைய கணிப்பொறிகளில் பலவற்றை ‘லினக்ஸ்’ போன்ற, விலையின்றிக் கிடைக்கும் இயக்க மென்பொருளைப் பதித்து இன்னும் பல ஆண்டுகள் பாதுகாப்பாகப் பயன்படுத்த இயலும். எறிவதற்கு முன் இதைக் கேட்டறிந்தோமா என்பதே வினா.

ஆகவே, ‘போதாது’ என்பதைப் பிறர் சொல்லும்போது ஒரு நெறியும், நாம் சொல்லும்போது வேறொரு நெறியும் கொள்வது தகும். இல்லாதவர் சொன்னால் வாதிடாமல் செவிசாய்ப்போம், இயன்றதைக் கொடுப்போம். நாமே சொல்ல நேர்ந்தால், கையிலிருக்கும் பொருளை முழுதும் அறிந்த பின்பு சொல்கிறோமா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். பிறர் பயன்படுத்தப்போகும் ஒன்றை ஆக்குகின்ற பணியில் இருந்தால், அது நிரலாயினும் கட்டடமாயினும் பாடநூலாயினும், நம் கவனக்குறைவின் விலையைக் கடைசியில் கொடுக்கப்போகிறவர் யார் என்று கேட்டுக்கொள்வோம்.

நம் இல்லங்களின் மேசை இழுப்பறைகளில் பழைய கைபேசி ஒன்றேனும் உறங்கிக்கொண்டிருக்கக் கூடும். அதை இம்மாதம் வெளியே எடுத்துப் பாருங்கள். பழுதுபார்ப்பவரிடம் காட்டி, அது இன்னும் எதற்குப் பயன்படும் என்று வினவுங்கள். உங்களுக்குப் போதாதெனத் தோன்றிய அக்கருவி, அண்டை வீட்டுப் பிள்ளையின் பாடத்துக்குப் போதுமானதாக இருக்கலாம்.