யாருடைய மூச்சு?

புல்லாங்குழலில் ஊதும் காற்று துளையின் விளிம்பில் பிளந்து, ஒரு பங்கு வெளியே போனால்தான் நாதம். பாரிஸின் போல் தஃபனெல் (1844–1908) புகழ்பெற்ற குழலிசைஞர். 1890இல் ஒபேராவில் வாத்தியக்குழுவை நடத்தும் கோலை ஏந்தினார். 1893இல் கன்சர்வேட்டரி என்ற இசைக்கல்லூரியில் ஆசிரியரானார். கோல் பிடித்து, சத்தமே எழுப்பாத கைக்கு இசையில் என்ன உரிமை? ஊதுகிறவனே கலைஞன் என்பார்கள். அப்படியானால் தஃபனெல் முடிக்காமல் போன குழல் பயிற்சி நூலை என்ன செய்வது? மாணவர் பிலிப் கோபேர் முடிக்க, 1923இல் அது வெளிவந்தது. குரு எங்கே முடிகிறார், சீடர் எங்கே தொடங்குகிறார்?

குரு சீடரிடம் தொடர்வது வெறும் செல்வாக்கு, ஆன்மாவின் தொடர்ச்சி அல்ல என்று மறுக்கலாம். ‘நான்’ என்பது தோலோடு முடிகிறது என்று முன்கூட்டியே முடிவு கட்டியவரின் வாதம் அது. நாதம் ஊதுகிறவரிடமும் இல்லை, குழலிலும் இல்லை. இரண்டும் சேரும் விளிம்பில்தான் பிறக்கிறது. கோபேரும் பின்னாளில் குழல், கோல், வகுப்பு என்று அதே மூன்றையும் கையாண்டார். இருவரின் அந்தப் பயிற்சி நூலை வைத்து மாணவர்கள் இன்றும் ஸ்கேல் பழகுகிறார்கள்.