கைராசியாவது, கால்ராசியாவது!

தோசை கல்லிலேயே ஒட்டிக்கொண்டதா? ஒட்டட்டும்! புதுக் கல்லில் யாருக்குத்தான் ஒட்டவில்லை?

ஒட்டியதைச் சுரண்டி எடுத்துவிட்டு என்ன சொன்னாய்? "எனக்குக் கைராசி இல்லை." இன்றோடு அந்தப் பேச்சை விடு!

உன் அப்பாயி வார்த்த தோசை தானாக எழும்பி வந்ததே, அது என்ன பிறவியில் வாங்கி வந்த வரமா? பழக்கிய கல், தங்கச்சி! பழகிய கை, தம்பி!

ஒரத்தநாட்டுக் கடைத்தெருவில் வார்ப்புக் கல்லைத் தூக்கிப் பார்க்கிறாய். கனக்கிறது. சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, பளபளக்கும் நான்-ஸ்டிக் தவாவோடு பஸ் ஏறுகிறாய்.

எதைக் கண்டு பயந்தாய்? இரும்பின் கனத்தையா? இல்லை. அதைப் பழக்கும் பாட்டை!

நான்-ஸ்டிக் பூச்சு 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். கீறி உரிந்துவிட்டால் உன்னால் அதைச் சரிசெய்ய முடியுமா? தூக்கிப்போட வேண்டியதுதான்!

வார்ப்பு இரும்போ 1,150 டிகிரிக்கு மேல் உருகி, அச்சில் இறங்கி, கல்லாகி வந்தது. உன் வீட்டு அடுப்பு அதை என்ன செய்துவிடும்? அதன் மேல் படியும் எண்ணெய்ப் படலம் எத்தனை தடவை போனாலும் உன் கையாலேயே திரும்ப ஏற்றலாம்.

கல்லைப் பழக்குவது ஒன்றும் சிதம்பர ரகசியம் இல்லை. கேள்!

துருப்பிடிக்காமலிருக்க எண்ணெயோ மெழுகோ பூசித்தான் புதுக் கல் கடைக்கு வரும். வெந்நீரும் சீயக்காயும் போட்டுத் தேய். இரண்டு மூன்று நாள் வடிகஞ்சியில் ஊறவை, கஞ்சியைத் தினமும் மாற்று. பிறகு கழுவி, அடுப்பில் ஏற்றி, பொட்டு ஈரமில்லாமல் காயவை.

இனிமேல்தான் உன் பொறுமைக்குச் சோதனை.

துணியில் நல்லெண்ணெய் தொட்டுத் தடவு. தடவியதைத் துடைத்தே எடு! துடைத்த பிறகும் ஒட்டியிருக்கிறதே, அது போதும். புகை கிளம்பும்வரை காயவிடு. ஆறவிடு. மறுபடி தடவு. மறுபடி காயவிடு. மறுபடி!

ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று எண்ணெயைக் கொட்டினாயோ, பிசுக்குதான் மிஞ்சும். சூட்டில் எண்ணெயின் கொழுப்பு ஒன்றோடொன்று பின்னி இறுகித்தான் அந்தக் கறுப்புப் படலம் உண்டாகிறது. நீ சுடும் ஒவ்வொரு தோசையும் அதற்கு வலு சேர்க்கிறது. பிய்ந்துபோன தோசையும்தான்!

முதல் தோசை பிய்ந்ததா? தின்றுவிட்டு இரண்டாவதை ஊற்று. அதுவும் பிய்ந்ததா? மூன்றாவது கரண்டி மாவு உன் கையில் இருக்கிறதா இல்லையா?

ஊற்றுமுன் தண்ணீர் தெளித்துப் பார். துளி அப்படியே கிடந்தால் கல் காயவில்லை. உருண்டு ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது, தணலைக் குறை. சுர்ரென்று சத்தமிட்டு மறைந்தால் அதுதான் பதம்! அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய். நடுவில் ஊற்றி வெளியே இழு.

மாவு கரண்டியோடு சுருண்டு வருகிறதா? கல்லைத் திட்டாதே. வார்ப்பு இரும்பு மெதுவாகச் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். அது தன் வேகத்தில்தான் வரும். அவசரப்பட்டது நீ!

இட்லி தோசைக்குப் பேர்போன ஆடுதுறை 37 குண்டு நெல் உன் மாவட்டத்து ஆராய்ச்சி நிலையம் தந்தது. புதுஆற்றுத் தண்ணீர் வாசலில். சம்பா அறுக்குமுன்னே வயலில் தெளித்து எடுக்கும் உளுந்து வீட்டில். இத்தனையும் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு எது இல்லை என்கிறாய்?

"கல் இருந்தது. துரு ஏறிவிட்டது. பரணில் போட்டுவிட்டேன்." இதுதானே கடைசிச் சாக்கு?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரும்பு துருப்பிடிக்கத்தான் செய்யும். துருவைப் பார்த்தா கைகழுவினாய்? 2018 நவம்பர் 16 கஜா புயலில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தபோது உன் ஊர் கைகழுவியதா? மரத்தை அறுத்து அப்புறப்படுத்திவிட்டு அதே மண்ணில் கன்று வைத்தார்களே! அவர்கள் பிள்ளையா ஒரு கல்லுக்குப் பயப்படுவது?

சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் வெளியான தமிழ்நாடு தொல்லியல் துறை அறிக்கை சொல்கிறது. அத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்தும் இரும்பு கைக்குக் கிடைக்கிறது. உன் கல் பார்த்தது எத்தனை மழை?

புளியைக் கரைத்து ஊற்று. தேங்காய் நாரால் அழுத்தித் தேய். சிவப்பு போகும்வரை தேய்! கழுவிய கையோடு அடுப்பில் காயவைத்து, எண்ணெயை முதலிலிருந்து ஏற்று.

ஏற்றியதைக் காப்பாற்று! சூடான கல்லில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதே, விரிசல் விடும். தொட்டியில் ஊறப்போடாதே. கம்பி நார் கிட்டேயே வரக்கூடாது. சப்பாத்திக்கு வேறு கல் வை. தோசை சுட்டு முடித்ததும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வை.

மாவு பொங்கி நிற்கிறது. இன்னும் என்ன யோசனை? ஏணியைப் போடு. கல்லை இறக்கு!