எழுபது வயதும் ஓர் அமானிதமும்



2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, 2024 அக்டோபர் முதல் 70 வயதான எல்லோருக்கும் உண்டு. வருமான வரம்பு இல்லை. ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்குக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

"ஷிஃபா தருபவன் அல்லாஹ், அட்டை எதற்கு?" என்று கேட்கலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கத்தான் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். அட்டை அந்தக் கயிறுதான்.

"வசதியுள்ளவர் வாங்கலாமா?" வாங்கலாம். ஜகாத் பெற ஏழ்மை வேண்டும். இதற்கு வயது போதும். ஆனால், இது மக்களின் வரிப்பணம். நம் அட்டையில் இன்னொருவருக்கு வைத்தியம் பார்ப்பதும், தேவையின்றி அட்மிட் ஆகி பில் போடச் சம்மதிப்பதும் அமானித மோசடி.

"அரசாங்கப் பணம்தானே" என்று எண்ணாதீர்கள். ஒருவருடைய பொருளை எடுத்தால் அவரிடம் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்கலாம். ஊரார் எல்லோருடையதையும் எடுத்தவர் மறுமையில் எத்தனை பேருக்குப் பதில் சொல்வார்?

இளைஞர்களே! நம் ஒதியம்பட்டில் அட்டை இல்லாத பெரியவர்களை ஆதாருடன் அழைத்துப்போய்ப் பதிவு செய்து கொடுங்கள். அதுவும் ஸதகாதான்.

வல்ல ரஹ்மான் நமக்கு ஆஃபியத்தையும், பிறர் ஹக்கைப் பேணும் உள்ளத்தையும் தருவானாக! ஆமீன்.