அந்தப் பிரம்படி யார் முதுகில் விழுந்தது?

மாணிக்கவாசகருக்கு வேலை போன கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால், அதை 'வேலை போன கதை' என்று யாரும் சொல்வதில்லை. 'நரியைப் பரியாக்கிய லீலை' என்றுதான் சொல்கிறோம்!

கொஞ்சம் அலுவலகக் கண்ணோடு பாருங்களேன். திருவாதவூரில் பிறந்தவர், பாண்டிய மன்னனின் முதலமைச்சர், 'தென்னவன் பிரமராயன்' என்று பட்டம் வேறு. குதிரை வாங்கி வரச் சொல்லி, கருவூலத்துப் பொன்னைக் கொடுத்து அனுப்புகிறான் மன்னன். போன இடம், இன்றைக்கு நாம் ஆவுடையார்கோவில் என்று சொல்லும் திருப்பெருந்துறை. அங்கே குருந்த மரத்தடியில் குருவாக அமர்ந்திருந்த ஈசனைக் கண்டதும் குதிரை மறந்து போயிற்று. அரசனும் மறந்து போனான். பொன் முழுவதும் ஆலயத் திருப்பணிக்குச் செலவானது. எந்தத் தணிக்கை அதிகாரி இதை ஒப்புக்கொள்வார்?

சொன்னபடி ஆவணி மூலத்தன்று குதிரைகள் வந்தன. அன்றிரவே அவை நரிகளாகி, லாயத்தில் ஏற்கெனவே இருந்த குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. புதுச் சரக்கும் போச்சு, பழைய சரக்கும் போச்சு! அமைச்சரை வைகையின் சுடுமணலில் நிறுத்தினார்கள்.

கேட்கிற நமக்குச் சிரிப்பு வருகிறது. சுடுமணலில் நின்றவருக்கு வந்திருக்குமா?

எனக்கு வரவில்லை. 2003-ல், என் 46-வது வயதில், நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தனியார் ஆலையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கூப்பிட்டு, 'திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம்' என்றார்கள். பதினெட்டு வருட வேலை. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல் சட்டையை இஸ்திரி போட்டு, டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வேறு போக்கிடம்? மீனாட்சியம்மன் கோயில்தான். பொற்றாமரைக் குளத்தின் படியில் உட்கார்ந்து, மதியம் சாப்பிட்டு, சாயந்திரம் வீடு திரும்புவேன். 'இன்னிக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி' என்று பொய் வேறு.

ஒன்பதாவது நாள் டிபன் பாக்ஸை நீட்டியபடி என் மனைவி சொன்னாள்: 'ஆடி மாசம், கூட்டம் நெரியும். குளத்துப் படியில இடம் கிடைக்காது. சீக்கிரமா போய் உட்காருங்க.'

எனக்குக் கை நடுங்கிவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். 'ஆலையிலேருந்து வர்றவர் நெத்தியில தினமும் தாழம்பூ குங்குமம் மணக்குதே!' என்றாள். பத்துப் பைசா கணக்கு உதைத்தாலும் பிடித்துவிடுகிற எனக்கு, நெற்றியைத் துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை பாருங்கள். அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு நானும். சிரித்துக்கொண்டே இருவரும் அழுதோம்.

வேலை போனதைப் பற்றிச் சிரிப்பது தவறா? பிறர் சிரித்தால் தவறுதான். இன்னொன்று... 'எல்லாம் நன்மைக்கே, ஸ்வாமி உங்களுக்குப் பாடம் சொல்கிறார்' என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லோரும் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்கள் மேல் எனக்கு இன்னமும் கொஞ்சம் கோபம் உண்டு.

அன்றைக்கும் கோயிலுக்குத்தான் போனேன். இந்த முறை இருவருமாக. குளக்கரையில் உட்கார்ந்திருந்தபோது அடுத்த லீலை நினைவுக்கு வந்தது. மாணிக்கவாசகரைச் சுடுமணலில் நிறுத்தியதும் வைகை பெருகியது. கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்பது அரசாணை. புட்டு விற்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. கூலியாளாக வந்தவர் சாட்சாத் சொக்கநாதர்! உதிர்ந்த புட்டுதான் கூலி என்று பேச்சு. அன்றைக்குப் பார்த்து எல்லாப் புட்டும் உதிர்ந்தது. வயிறாரச் சாப்பிட்டார், ஆடினார், பாடினார், கரையில் படுத்துத் தூங்கினார். வந்தியின் பங்குக் கரை மட்டும் அப்படியே கிடந்தது. வேலையில் இப்படி ஓர் ஆள் இருந்தால் யார்தான் வைத்துக்கொள்வார்கள்? பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி, அடித்த அரசன் முதுகு உட்பட எல்லா உயிர்கள் மீதும் விழுந்தது.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஈசன் எல்லா உயிரிலும் இருக்கிறார் என்பதற்காகச் சொன்னது என்றே நினைத்திருந்தேன். அன்றைக்கு வேறு மாதிரி பட்டது. என் முதுகில் மட்டும் விழுந்த அடி என்று எட்டு நாள் ஒளித்து வைத்திருந்தேனே, அது முதல் நாளே அவள் முதுகிலும் விழுந்திருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் வேண்டாம் என்று மகள் திடீரென்று சொன்னதன் காரணமும் அப்போதுதான் புரிந்தது. வீட்டில் எல்லோருக்கும் வலித்திருக்கிறது. எனக்கு வலிக்கக்கூடாது என்று எல்லோரும் சும்மா இருந்திருக்கிறார்கள்.

உடனே வேலை கிடைத்தது என்று எழுத ஆசைதான். கிடைக்கவில்லை. பதினான்கு மாதம் கழித்து, பாதிச் சம்பளத்துக்கு இரண்டு கடைகளில் கணக்கு எழுதப் போனேன். அவள் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றாள்.

ஆவணி மூலத் திருவிழாவில் புட்டுத் திருவிழா அன்று, திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் திருப்பரங்குன்றத்திலிருந்து முருகப்பெருமானும் மதுரைக்கு எழுந்தருள்வார்கள். நாங்களும் வருடம் தவறாமல் புட்டுத்தோப்புக்குப் போகிறோம், அதே டிபன் பாக்ஸில் புட்டு எடுத்துக்கொண்டு. உருண்டையாக நிற்பதை அவள் எடுத்துக்கொள்வாள்.

'உதிர்ந்தது உங்களுக்கு. தின்னுட்டுத் தூங்கிடாதீங்க' என்பாள்.