வெற்றுப் பத்திரம்

கனடா நாட்டு டொராண்டோ நகரப் பொதுப் பள்ளிகளில், 2016ஆம் ஆண்டு முதல், காலைதோறும் ஓர் அறிவிப்பு ஒலிக்கிறது. இப்பள்ளி நிற்கும் நிலம் பழங்குடியினரின் நிலம் என்பது அதன் சாரம். கேட்போரில் தமிழ்ச் சிறார்களும் உண்டு. ஈழத்திலிருந்து ஏதிலியராய்ச் சென்றோரின் பிள்ளைகள். நிலமிழந்தோர் வீட்டுப் பிள்ளைகள்!

வரவேற்கத்தக்கதுதான். ஆனால் தோழர்களே, நாள்தோறும் ஓதப்பட்டு, பொருள் விளக்கப்படாமலே போகும் சொல்லுக்குப் பெயர் என்ன? மந்திரம்! நல்ல மந்திரம் என்பதற்காக அதை விட்டுவிடலாமா?

அச்சொல்லுக்குப் பின்னே கிடக்கும் கதையைப் பாருங்கள். 1787இல், மிசிசாகா மக்களிடமிருந்து அந்நிலத்தை வாங்கிவிட்டதாகப் பிரிட்டிஷ் ஆட்சி சொல்லிற்று. பின்னர் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், நிலத்தின் அளவும் எல்லையும் எழுதவேண்டிய இடம் வெறுமை! தலைவர்களின் குறிகள் மட்டும், வேறு தாள் துண்டுகளில் வரையப்பட்டு, அதில் ஒட்டப்பட்டிருந்தன. பத்திரம் செல்லாது என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். நிலத்துக்கு உரியவரிடம் சொன்னார்களா? இல்லை. 1805இல் புதுப் பத்திரம் எழுதினர். 2,50,880 ஏக்கர், விலை, பத்து ஷில்லிங்! அந்தக் கணக்கு 2010இல்தான் தீர்ந்தது. கனடா அரசு பதினான்கரைக் கோடி டாலர் கொடுத்தது.

ஒப்பந்தமென்றால் இரு தரப்பு உண்டு. ஒரு தரப்பு பழங்குடியினர். மறு தரப்பு எவர்? அந்த மண்ணில் வீடு கட்டியோர், பள்ளி எழுப்பியோர், நேற்று விமானத்தில் வந்திறங்கியோர், அனைவருந்தான். "நான் பறிக்கவில்லையே, என் பாட்டன் யாழ்ப்பாணத்தில் உழுதுகொண்டிருந்தானே!" என்பார் நம்மவர். மெய்தான், பழி அவருடையதன்று. ஆனால் பழி வேறு, கடன் வேறு. வீட்டை வாங்கியவன், அதன் மேலிருக்கும் அடமானம் என்னுடையதல்ல என்று கைகழுவ முடியுமோ?

இதையெல்லாம் பள்ளியிலா பேசுவது என்று முகஞ்சுளிப்போர் உண்டு. பள்ளியிலேதான் பேசவேண்டும், பறிப்புக்குக் கருவியாய் இருந்ததே பள்ளிதான்! ஒன்றரை லட்சம் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டித்த உறைவிடப் பள்ளிகள், 1990களில்தான் முற்றாக மூடப்பட்டன. அவ்வரலாற்றையும் ஒப்பந்தங்களையும் மழலை வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக்குக என்று, உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் கேட்டது. அது விடுத்த 94 அழைப்புகளுள் அதுவும் ஒன்று.

அறிவிப்பை நிறுத்தச் சொல்லவில்லை நான். அது ஒலிக்கும் வகுப்பறைச் சுவரில், அந்த 1787ஆம் ஆண்டுப் பத்திரத்தின் படியொன்றையும் மாட்டிவையுங்கள். "இங்கே ஏன் எழுத்தில்லை?" என்று ஒரு சிறுமி எழுந்து கேட்கட்டும். ஆசிரியர் விடை சொல்லட்டும்.