மன்னிக்கும் உரிமை யாருக்கு?

2007 ஜூன் 28. வாஷிங்டனில் செனட் சபையின் தொலைபேசி இணைப்பகம் அழைப்புகளின் பாரம் தாங்காமல் முடங்கிப்போனது. அன்று அழைத்தவர்களில் மிகப் பலர் குடியரசுக் கட்சிக்குக் காலமெல்லாம் வாக்களித்தவர்கள். தங்கள் கட்சியின் அதிபர் ஜார்ஜ் புஷ் முன்னின்று கொண்டுவந்த குடியேற்றச் சீர்திருத்த மசோதாவை எப்படியாவது தோற்கடியுங்கள் என்று சொல்லத்தான் அவர்கள் அழைத்தார்கள். விவாதத்தை முடித்து மசோதாவை நகர்த்த 60 வாக்குகள் வேண்டும். கிடைத்தவை 46. குடியரசுக் கட்சியின் உறுப்பினர்களில் 37 பேர் தங்கள் அதிபருக்கு எதிராக வாக்களித்தார்கள்.

அந்த மசோதா கேட்டது என்ன? ஆவணமின்றி அமெரிக்காவில் வாழ்ந்துவந்த சுமார் 1.2 கோடிப் பேர் அபராதம் கட்ட வேண்டும். குற்றப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். பிறகு சட்டபூர்வமாகத் தங்கலாம். நிரந்தர உரிமை வேண்டுமென்றால் குடும்பத் தலைவர் ஒருமுறை தாய்நாடு திரும்பி விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு எதிர்ப்பாளர்கள் வைத்த பெயர் ஒன்றே ஒன்று: பொது மன்னிப்பு.

இந்தக் கோபத்தை இனவெறி என்ற ஒரே சொல்லில் பலர் முடித்துவிடுகிறார்கள். அதில் இனவெறியும் கலந்திருந்தது, மறுப்பதற்கில்லை. வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. ஆனால் இவற்றையெல்லாம் விலக்கிவைத்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அது அறம் சார்ந்த கேள்வி. மதம் காலங்காலமாக யோசித்துவரும் கேள்வியும்கூட. ஒரு நாட்டின் சட்டத்தை மீறியவரை மன்னிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? அந்த மன்னிப்பின் செலவை யார் சுமக்கிறார்கள்?

கோபத்தின் வேரைத் தேடினால் 1986-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு நவம்பர் 6 அன்று அதிபர் ரொனால்ட் ரீகன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பழமைவாதிகளின் பெருந்தலைவர் அவர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, அதிபர் தேர்தலில் தம்மை எதிர்த்து நின்ற மாண்டேலுடனான விவாதத்தில், சட்டவிரோதமாக வந்திருந்தாலும் இங்கே வேர்பிடித்து வாழ்ந்துவிட்டவர்களுக்குப் பொது மன்னிப்பு தருவதில் தமக்கு நம்பிக்கை உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னவர். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் ஒப்பந்தமாகவே மக்கள் முன் வைக்கப்பட்டது. ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கு ஒருமுறை மட்டும் மன்னிப்பு; அதற்கு ஈடாக, ஆவணமற்றவரை வேலைக்கு வைக்கும் முதலாளிகளுக்கு முதல்முறையாகத் தண்டனை. வேலை கிடைக்காது என்றால் யாரும் வரமாட்டார்கள், பிரச்சினை இத்தோடு தீரும் என்று வாக்குறுதி தந்தார்கள்.

ஒப்பந்தத்தின் முதல் பாதி நடந்தது. சுமார் 27 லட்சம் பேர் சட்டபூர்வமானார்கள். இரண்டாம் பாதி பெயரளவில் நின்றது. தொழிலாளி காட்டும் காகிதம் பார்வைக்கு அசல்போல இருந்தால் போதும், முதலாளியின் பொறுப்பு முடிந்தது. போலி அட்டைகள் அச்சிடுவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. பழத்தோட்டங்களுக்கும் இறைச்சி ஆலைகளுக்கும் கட்டுமான நிறுவனங்களுக்கும் மலிவான கைகள் தேவைப்பட்டன. அந்த முதலாளிகளைச் சோதிக்க அரசுக்கு மனம் வரவில்லை. 1990-களில் எல்லையில் கெடுபிடி கூடியபோது இன்னொரு விளைவும் சேர்ந்துகொண்டது. பருவத்துக்கு வந்து வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த மெக்சிகோ ஆண்கள், திரும்பிப் போனால் மறுபடி வர முடியாதே என்று தங்கிவிட்டார்கள். மனைவி மக்களையும் வரவழைத்துக்கொண்டார்கள். சமூகவியலாளர் டக்ளஸ் மாஸி இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இருபது ஆண்டுகளில் ஆவணமற்றோர் எண்ணிக்கை பல மடங்கானது.

ஆகவே 2007-இல் மறுபடியும் முதலில் மன்னிப்பு, பிறகு கண்டிப்பு என்று கேட்டபோது, வாக்காளர்கள் அதை முன்பே ஒருமுறை ஏமாந்த பேரமாகப் பார்த்தார்கள். ரீகனின் அட்டர்னி ஜெனரலாக இருந்த எட்வின் மீஸே 2006-இல் நாளிதழ்க் கட்டுரையொன்றில், அன்று செய்தது பொது மன்னிப்புதான், அது பலிக்கவில்லை என்று எழுதினார். 1986-இல் ஆதரித்து வாக்களித்த அயோவா செனட்டர் சார்ல்ஸ் கிராஸ்லி, அந்த வாக்கு தவறு என்று பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். வாக்காளரின் சந்தேகத்துக்கு ஆதாரம் இருந்தது. இதை ஒப்புக்கொள்ளாமல் இந்த விவாதத்துக்குள் நேர்மையாக நுழைய முடியாது.

திருச்சபைகள் இதில் நுழைந்த விதம் கவனிக்கத்தக்கது. 2005 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை ஒரு கடுமையான மசோதாவை நிறைவேற்றியது. ஆவணமற்றவருக்கு உதவுவதையே குற்றமாக்கும் வாசகங்கள் அதில் இருந்தன. அது சட்டமானால் கீழ்ப்படிய வேண்டாம் என்று தம் குருமார்களுக்குச் சொல்லப்போவதாக லாஸ் ஏஞ்சலிஸ் கர்தினால் ரோஜர் மஹோனி அறிவித்தார். புராட்டஸ்டண்ட் தரப்பிலும் தலைவர்கள் பலர் சீர்திருத்தத்தின் பக்கமே நின்றார்கள். தெற்கத்திய பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டம் 2011-இல் நிறைவேற்றிய தீர்மானம், எல்லையைப் பாதுகாத்த பிறகு ஆவணமற்றோர் சட்டபூர்வமாக நியாயமும் இரக்கமும் கொண்ட வழி வேண்டும் என்றது. அந்தப் பகுதியை நீக்கக் கோரிய திருத்தம் மயிரிழையில்தான் தோற்றது. இது பொது மன்னிப்புக்கான ஆதரவு என்று கொள்ளக் கூடாது என்ற வாசகத்தையும் சேர்த்த பிறகே தீர்மானம் கரையேறியது. மேடைக்கும் பெஞ்சுக்கும் இடையிலான தூரம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிட்டது.

தலைவர்கள் காட்டிய வசனங்கள் யாவரும் அறிந்தவை. உன்னிடத்தில் தங்கும் அந்நியனை உன்னைப்போலவே நேசி என்கிற லேவியராகமத்தின் 19-ஆம் அதிகாரம். அந்நியனை ஏற்றவன் தன்னையே ஏற்றான் என்று இயேசு சொல்கிற மத்தேயு 25. ஆனால் 2015-இல் லைஃப்வே ஆய்வு நிறுவனம் சுவிசேஷ சபையினரிடம் குடியேற்றம் பற்றிய உங்கள் கருத்தை எது அதிகம் உருவாக்கியது என்று கேட்டபோது, வேதம் என்று சொன்னவர்கள் 12 சதவீதம்தான். வேதத்தை வாழ்வின் அளவுகோலாகச் சொல்லும் ஒரு சமூகத்தில் இந்த எண் துயரம் தருகிறது.

ஆனாலும் விசுவாசிகளிடம் ஒரு பதில் இருந்தது. அந்நியனுக்கு உன் வீட்டில் சோறு போடு என்பது எனக்கான கட்டளை. அதை நான் செய்வேன். அரசாங்கத்தின் வேலை வேறு: நியாயம் காப்பது, பட்சபாதம் இல்லாமல் சட்டத்தை நடத்துவது. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தை அவர்கள் இதற்காகவே காட்டினார்கள். 2018-இல் அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ், எல்லையில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க வைத்த கொள்கைக்கு அதே அதிகாரத்தைச் சாட்சியாக அழைத்தார். அந்த வசனத்தின் மேல் அவ்வளவு பாரத்தை ஏற்றியது கொடுமை. அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் அதே அதிகாரம், சில வரிகள் தள்ளி, அயலானுக்கு அன்பு தீங்கு செய்யாது என்றும் போதிக்கிறது. எனினும், தனிமனித இரக்கமும் அரசின் நீதியும் ஒன்றல்ல என்ற வாதத்தை, அதைத் தவறாகப் பயன்படுத்தியவர்களைக் காட்டித் தள்ளிவிட முடியாது.

இங்கே பொருந்துகிற கதை லூக்கா 15-இல் இருக்கிறது. கெட்டுப்போய்த் திரும்பிவந்த இளையவனுக்குத் தகப்பன் விருந்து வைக்கிறார்; இத்தனை காலம் வயலில் உழைத்த மூத்தவன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் வர மறுக்கிறான். மூத்தவனைப் பொறாமைக்காரனாகக் காட்டிய பிரசங்கங்கள் ஏராளம். கதையை ஊன்றிப் படித்தால் அவன் முறையீட்டைத் தகப்பன் பொய் என்று சொல்லவில்லை. விருந்தை விட்டுவிட்டு வெளியே வந்து, அவனோடு நின்று, கெஞ்சுகிறார். உனக்குரியது எதுவும் குறையவில்லை என்று உறுதி சொல்கிறார்.

குடியரசுக் கட்சித் தலைமை செய்யத் தவறியது இதைத்தான். 2007 மே 29 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் கிளின்கோவில் புஷ் பேசியபோது, நாட்டுக்கு நல்லது செய்ய மனமில்லாதவர்கள் மசோதாவின் ஏதோ ஒரு பகுதியைக் காட்டி மக்களை மிரட்டுவார்கள் என்ற தொனியில் சொன்னார். கோபத்தில் இருந்தவர்களுக்கு அது முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. முப்பது வருடம் கட்சிக்காகக் கொடி பிடித்தவரிடம், நீ நாட்டை நேசிக்கவில்லை என்று அவருடைய தலைவரே சொன்னால் அவர் யாரிடம் போய் முறையிடுவார்?

கதைக்கும் நாட்டு நடப்புக்கும் இடையில் இன்னொரு வேறுபாடும் உண்டு; அது மூத்தவனுக்குச் சாதகமானது. தகப்பன் அறுத்தது தன் கன்றுக்குட்டியை. செனட்டர்கள் தாராளம் காட்டியது பிறர் செலவில். நெரிசல் கூடிய அரசுப் பள்ளியும் கூலி உயராத ஆலையும் அவர்கள் குடியிருக்கும் பகுதிகளில் இல்லை. லாபமோ அவர்களுக்கு நிதி தந்தவர்களுக்குப் போனது. வேலைக்கு வருபவரின் தகுதியைக் கணினியில் சரிபார்க்கும் இ-வெரிஃபை முறை 1997 முதல் இருக்கிறது; நாடு முழுவதும் கட்டாயமாக்கப்படவில்லை. அரிசோனா மாநிலம் 2007-இல் அதைக் கட்டாயமாக்கியபோது நீதிமன்றம் போனவர்களில் அமெரிக்க வர்த்தக சபையும் ஒன்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2011-இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. இரக்கம் என்று மேடையில் பேசப்பட்டதன் பின்னால் மலிவுக் கூலி இருக்கிறது என்று வாக்காளர் நினைத்ததற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

வரிசையில் நிற்பவர்களின் பெயரையும் இந்த விவாதத்தில் ஓயாமல் கேட்கலாம். முறையாக விண்ணப்பித்துக் காத்திருப்பவனுக்கு என்ன நியாயம் என்பது கேள்வி. அந்த வரிசையில் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போன பொறியாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வேலைவாய்ப்பு வழியான கிரீன் கார்டுகளை ஆண்டுக்கு 1,40,000 என்று நிர்ணயித்தது. எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியர்கள் பத்தாண்டுக் கணக்கில் காத்திருப்பதற்குக் காரணம் இந்த ஏற்பாடு. எல்லை தாண்டி வந்த தோட்டத் தொழிலாளி அவர்கள் இடத்தைப் பிடிக்கவில்லை. அவருக்கு நிற்பதற்கு வரிசையே கிடையாது.

இங்கேதான் கோபம் தன் நியாயத்தை விட்டு விலகுகிறது. வாக்குத் தவறியது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ். சோதனையைத் தளர்த்தியது நிர்வாகம். கண்ணை மூடிக்கொண்டது முதலாளி. கடனாளிகள் இவர்கள். கடனை வசூலிக்கக் கிளம்பியவர்கள் போய் நின்றதோ தக்காளி பறிப்பவரின் வாசலில். இரண்டு வயதில் தாயின் இடுப்பில் வந்த குழந்தை எந்த ஒப்பந்தத்தையும் மீறவில்லை.

தத்துவ அறிஞர் மைக்கேல் வால்ஸர் 1983-இல் எழுதிய நூலில், யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் உரிமை ஒரு சமூகத்துக்கு உண்டு என்றார். உழைப்பை வாங்கிக்கொண்டு, உழைத்தவரை என்றென்றும் வெளியாளாகவே வைத்திருக்கும் உரிமை இல்லை என்றும், ஒப்பந்தத் தொழிலாளர்களை முன்வைத்து, அதே நூலில் வாதிட்டார். இன்னொரு தத்துவ அறிஞரான ஜோசப் கேரன்ஸ் மேலும் ஒரு படி போனார்: வந்த வழி தவறாக இருந்தாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த மனிதரின் உறவுகளும் வாழ்க்கையும் இங்கேயே ஆகிவிடுகின்றன, காலமே ஓர் உரிமையை உண்டாக்குகிறது.

2025 தொடக்கத்தில் துணை அதிபர் ஜே.டி.வான்ஸ் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். அன்புக்கு ஒரு வரிசை உண்டு, முதலில் குடும்பம், பிறகு அயலார், ஊர், நாடு, அதற்குப் பிறகே உலகம் என்ற பழைய கத்தோலிக்கக் கோட்பாட்டை எடுத்துப் பேசினார். அகஸ்டினும் அக்வினாஸும் அன்பின் ஒழுங்கு பற்றி எழுதியது உண்மை. பிப்ரவரி 10 அன்று அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில் போப் பிரான்சிஸ் நல்ல சமாரியன் உவமையைத் தியானித்தால் உண்மையான ஒழுங்கு விளங்கும் என்று பதில் சொன்னார். எல்லோருக்கும் உதவ முடியாதபோது, காலமும் இடமும் நம் அருகே கொண்டுவந்து சேர்த்தவரைக் கவனி என்பதே அகஸ்டின் காட்டிய வழி. இருபது ஆண்டுகளாக ஒரே தெருவில் குடியிருப்பவரை எப்படித் தூரத்தவராகக் கணக்கிடுவது?

கோபம் அதன்பின் எங்கெல்லாம் போனது என்பதும் பார்க்க வேண்டியது. 2014 ஜூன் 10 அன்று, பிரதிநிதிகள் சபைப் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேன்டரை வர்ஜீனியாவில் அவர் கட்சி வாக்காளர்களே உட்கட்சித் தேர்தலில் வீழ்த்தினார்கள். வென்ற டேவ் பிராட், இறையியலும் படித்த பொருளியல் பேராசிரியர். கேன்டர் பொது மன்னிப்புக்கு உடந்தை என்பதே அவர் பிரசாரத்தின் மையம். பத்து ஆண்டுகள் கழித்து, 2024 பிப்ரவரியில், ஓக்லஹோமா செனட்டர் ஜேம்ஸ் லாங்க்ஃபோர்டு ஒரு மசோதா கொண்டுவந்தார். பாப்டிஸ்ட் இளைஞர் முகாமைப் பல ஆண்டுகள் நடத்தியவர் அவர். நீண்ட காலம் வாழ்ந்துவிட்டவர்களுக்குக் குடியுரிமை தரும் வாசகம் அதில் ஒன்றுகூட இல்லை. அடைக்கலம் கோருவதைக் கடுமையாக்கும் பிரிவுகள் இருந்தன. டிரம்ப் வேண்டாம் என்றார். 49-க்கு 50 என்று அது விழுந்தது. கேட்ட கண்டிப்பு கைக்கு வந்தபோதும் கோபம் தணியவில்லை.

அமெரிக்கச் சட்டத்துக்குள்ளேயே ஒரு பழைய வழி கிடக்கிறது. 1929-இல் இயற்றிய பதிவுச் சட்டப்படி, குறிப்பிட்ட தேதிக்கு முன்பு வந்து நன்னடத்தையோடு தொடர்ந்து வாழ்ந்தவர், எப்படி வந்திருந்தாலும், நிரந்தர உரிமை கோரலாம். ஊர்வலமோ கூச்சலோ இல்லாமல் காங்கிரஸ் அந்தத் தேதியைப் பலமுறை முன்னோக்கி நகர்த்தியது. கடைசியாக நகர்த்தியது 1986-இல். அப்போது வைத்த 1972 ஜனவரி 1 அப்படியே நிற்கிறது. வரிசைமுறையை இம்முறை மாற்றலாம். எல்லா முதலாளிகளுக்கும் பணியாளர் சரிபார்ப்பை முதலில் கட்டாயமாக்கி, அது நடக்கிறது என்று வாக்காளர் தம் ஊர் ஆலையிலும் தோட்டத்திலும் பார்த்த பிறகு, அந்தத் தேதியை நகர்த்தும் மசோதாவை அவர்கள் முன் வைக்க வேண்டும். அதைக் கொண்டுவருகிற செனட்டர் தொலைபேசியைத் தாமே எடுத்துப் பேசவும் வேண்டும்.