தோள் கொடுப்போரும் தோள் பற்றுவோரும்



ஒரு நாளைக்கு பர்ளான ரக்அத்துகள் மட்டும் 17. ரக்அத்துக்கு இரண்டு ஸுஜூது வீதம் 34 முறை நம் முழங்கால்கள் தரையில் படிகின்றன. ஸுன்னத்தும் தராவீஹும் தனிக் கணக்கு. தொழுகையால்தான் மூட்டு தேய்கிறது என்று யாரும் பொருள் கொண்டுவிட வேண்டாம். வயதும், உடல் எடையும், பழைய காயங்களும், குந்தியிருந்து செய்யும் வேலையும் அதற்குக் காரணங்கள். மதுரைக் காளவாசலின் பெயரே அதைச் சொல்லும். செங்கல் சுடும் சூளையைத்தான் நம் பக்கத்தில் காளவாசல் என்கிறோம். நாள் முழுவதும் குந்தியிருந்து செங்கல் அறுத்தவரின் மூட்டு என்ன பாடுபட்டிருக்கும்! ஆனால் மூட்டு தேய்ந்த முஸ்லிமுக்கு அந்த வலி முதலில் தெரிவது பெரும்பாலும் தொழுகை விரிப்பில்தான்.

இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர் 1962-ல் இடுப்பு மூட்டு மாற்றும் முறையைச் செம்மைப்படுத்தினார். பிறகு முழங்காலுக்கும் வழி பிறந்தது. பிரதமராக இருந்தபோதே வாஜ்பாய் 2000-ல் ஒரு முழங்காலுக்கும் 2001-ல் மற்றொன்றுக்கும் மும்பையில் இந்தச் சிகிச்சை செய்துகொண்டார். இன்று நம் மாநிலத்தில் காப்பீட்டுத் திட்டத்தின் மூலம் ஏழை எளியவருக்கும் அது எட்டுகிறது. நோய்க்கு மருந்தையும் இறக்கிய அல்லாஹ்வுக்கே புகழனைத்தும்!

கத்தி பட்ட காயம் ஆறிவிடும். அதற்குப் பின் வரும் சில வாரங்கள்தாம் சோதனை. வாக்கரைப் பிடித்துக் கொண்டு நடக்க வேண்டும். கழிவறைக்குப் போக ஒருவர் துணை வேண்டும். ஒளூவுக்குத் தண்ணீர் எடுத்துத் தர ஒருவர் வேண்டும். இங்கேதான் பலருக்கு மனம் ஒப்புவதில்லை. "நான் யாரிடமும் கை நீட்டியதில்லை, இனியும் நீட்ட மாட்டேன்" என்கிறார் வீட்டுத் தலைவர். நாற்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்று அனைவருக்கும் பரிமாறிய தாயோ, மருமகள் தன் காலைத் துடைப்பதைத் தாங்க முடியாமல் கண் கலங்குகிறார். நள்ளிரவில் யாரையும் எழுப்பக் கூடாதென்று தாமாகவே எழுந்து, குளியலறையில் வழுக்கி விழுந்து, மாற்றிய மூட்டுக்கே ஆபத்தைத் தேடிக் கொள்வோரும் உண்டு. அல்லாஹ் பாதுகாப்பானாக!

இப்படி மறுப்பவர்களில் மார்க்கம் அறிந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு ஹதீஸை எடுத்துக் காட்டுவார்கள். பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஸஹாபாக்களில் ஒரு சிறு குழுவினர், மனிதர்களிடம் எதையும் கேட்பதில்லை என்று உறுதிமொழி கொடுத்தார்கள். அவர்களில் சிலர் வாகனத்தின் மீதிருக்கும்போது சாட்டை கீழே விழுந்தால்கூட எடுத்துத் தரும்படி யாரையும் கேட்கவில்லை என்று அவ்ஃப் பின் மாலிக் (ரலி) அறிவிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. உண்மைதான். ஆனால் அவர்கள் இறங்கி எடுக்கும் வலிமை உள்ளவர்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இறங்கவே முடியாதவருக்கு அது எப்படிச் சட்டமாகும்?

கேட்பது வேறு, வந்ததை ஏற்பது வேறு. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பொருளைக் கொடுக்க, என்னைவிடத் தேவையுள்ளவருக்குக் கொடுங்களேன் என்றார்கள் உமர் (ரலி). ஆசைப்படாமலும் கேட்காமலும் வருவதை வாங்கிக் கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். தேடி வந்ததைத் தள்ளுவது பேணுதல் அல்ல என்பதை உமர் (ரலி) போன்ற ஒருவருக்கே சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது!

திருக்குர்ஆனில் கஹ்ஃபு அத்தியாயத்தை வெள்ளிதோறும் ஓதுகிறோம். துல்கர்னைன் சுவர் எழுப்பிய இடத்தைச் சற்று நிதானித்துப் பாருங்கள். மக்கள் பொருள் தர முன்வந்தார்கள். தம் இறைவன் தந்திருப்பதே மேல் என்று அதை விலக்கினார். ஆனால் உடல் வலிமையால் உதவும்படி அவரே கேட்டார். கீழ்த்திசையும் மேல்திசையும் சென்று வந்த அரசர் அவர். காசுக்குக் கை நீட்டாத அந்தத் தன்மானத்துக்கு, ஆள் துணை கேட்டதால் ஒரு குறையும் வந்துவிடவில்லை.

நம் உயிரினும் மேலான நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இது இருக்கிறது. ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்து அவர்களின் பாதம் பிசகியது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் மேல்மாடத்தில் தங்கியிருந்தார்கள். தோழர்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். உட்கார்ந்தே தொழுதார்கள். உஹதுப் போரில் காயத்தோடும் இரட்டைக் கவசத்தின் பாரத்தோடும் ஒரு பாறையில் ஏற முயன்றார்கள், இயலவில்லை. தல்ஹா (ரலி) அவர்கள் கீழே குனிந்து உட்கார, அவர் மீது கால் வைத்து ஏறினார்கள். அந்தச் செயலால் தல்ஹாவுக்குச் சுவர்க்கம் உறுதியாகிவிட்டதென்று நற்செய்தியும் சொன்னார்கள். "வேண்டாம், நானே ஏறிக் கொள்கிறேன்" என்று நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்திருந்தால் தல்ஹாவுக்கு அந்தப் பேறு எங்கிருந்து வந்திருக்கும்? உங்கள் வாசலில் வந்து நிற்கும் நண்பரைத் திருப்பி அனுப்பும்போது இதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

ஹிஜ்ரி 11-ல் வந்த கடைசி நோயின்போது, ஆயிஷா (ரலி) வீட்டில் தங்கிச் சிகிச்சை பெற மற்ற மனைவியரிடம் அவர்களே அனுமதி கேட்டார்கள். ஏழு தோல்பைத் தண்ணீரைத் தம்மீது ஊற்றும்படி அவர்களே சொன்னார்கள். அப்பாஸ் (ரலி), அலி (ரலி) இருவரின் தோள்களில் தாங்கியபடி, பாதங்கள் தரையில் இழுபட, பள்ளிக்கு வந்தார்கள். ஊரே பார்த்துக் கொண்டிருந்த காட்சி அது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படி இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். ஸுஜூது செய்யவே இயலாதவர், நிற்க முடிந்தாலும் உட்கார்ந்து சைகையால் தொழலாம் என்பது ஹனபி மத்ஹபு. ஷாபிஈ மத்ஹபில், நிற்க முடிந்தவர் நிற்க வேண்டும். எழுந்து நிற்க மட்டும் துணை தேவைப்பட்டால், நியாயமான கூலி கொடுத்தாவது அந்தத் துணையைத் தேடிக் கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். உதவியை ஏற்பது அங்கே கடமையாகவே ஆகிவிடுகிறது! சைகையில் ருகூவைவிட ஸுஜூதுக்குச் சற்று அதிகம் குனிய வேண்டும். காயக்கட்டின் மீது மஸ்ஹு செய்வது போன்றவற்றை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். கால் எவ்வளவு மடங்கும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் தடுத்ததை மீறித் தரையில் உட்காருவதில் தக்வா ஒன்றும் இல்லை.

குளிப்பாட்டுதல், சுத்தம் செய்தல் போன்றவற்றைக் கணவனுக்கு மனைவியும் மனைவிக்குக் கணவனும் செய்வதே நல்லது. அது இயலாதபோது ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும், தொப்புள் முதல் முழங்கால் வரை துணி போர்த்தி, தேவையான அளவோடு நிறுத்திக் கொள்ள வேண்டும். அத்தாவுக்கு இதைச் செய்யக் கூச்சப்படும் மகனிடம், உன் சிறு வயதில் உனக்கு யார் செய்தார் என்று கேளுங்கள்.

உதவப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சொல்லிக் காட்டித் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று பகரா அத்தியாயம் எச்சரிக்கிறது. படுத்திருப்பவர் எதிரில் உட்கார்ந்து, "இன்னாருக்கும் இதே ஆபரேஷன்தான், கடைசியில் நடக்கவே இல்லை" என்று கதை அளக்காதீர்கள். போனோமா, துஆச் செய்தோமா, மருந்துச் சீட்டை வாங்கிக் கொண்டு கடைக்குப் போய் வந்தோமா என்றிருங்கள். மருத்துவர் அனுமதித்ததும் ஜும்ஆவுக்கு ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துங்கள். பள்ளியில் ஸஃப்பின் ஓரமாக ஒரு நாற்காலியை முன்கூட்டியே போட்டு வையுங்கள். அவர் ஜஸாக்கல்லாஹு கைரா என்று சொன்னால், "அதெல்லாம் எதற்கு" என்று தட்டாமல் ஆமீன் சொல்லுங்கள். உபகாரத்துக்கு ஈடு செய்ய முடியாதவர், ஈடு செய்துவிட்டோம் என்று தம் மனம் நிறையும் வரை துஆச் செய்யட்டும் என்பது ஹதீஸின் கருத்து. காலை நீட்டிப் படுத்திருப்பவருக்கு அதற்கு வேண்டிய நேரம் நிறையவே இருக்கிறது.